பின்கதவு வழியாகப் போன ஊசிப் பெட்டி

என் முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் வயிற்றிலேயே அடங்கிப் போனது. இரண்டாவது மூன்றாம் மாதத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதன் பிறகு ஒரு நாள் என் இடது கால் வாழைத்தண்டு மாதிரி வீங்கியது. கர்த்தர் என்னை மறந்துவிட்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அவர் மறக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என் எழுத்தில் தப்பிருந்தால் சகோதர சகோதரிகள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் செல்வி. சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். எனக்குச் சிறு வயதிலிருந்தே ஓரிடத்தில் கால் தரிக்காது. கிருஷ்ணகிரியில் மாங்கூழ்க் கம்பெனியில் சீசனுக்கு வேலை பார்த்தேன். பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸில் காலர் தைத்தேன். ஓசூரில் ஒயர் கட்டும் கம்பெனியில் இருந்தேன். ஒரு வேலை பழகிக் கை தானாக ஓடத் தொடங்கியதும் எனக்கு அங்கே இருப்புக் கொள்ளாது. எந்த இடத்திலும் ஒரு வருடம் முழுசாக நின்றதில்லை. என் வீட்டுக்காரர் தேவராஜும் அப்படித்தான். சிப்காட்டில் அவர் பார்க்காத, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் கிடையாது. இரண்டு பேரும் ஒரு பீரோகூட வாங்காமல் வாழ்ந்தோம். வாங்கினால் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமே என்றுதான்.

கொரோனா வருவதற்கு முந்தின வருடம், மார்ச் மாதம், பாகலூர் தாண்டி ஒரு ரோஜாத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டம் என்றால் மண்ணும் வரப்பும் இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் கூரை போட்ட பெரிய பெரிய செட்டுகள். உள்ளே வரிசை வரிசையாக டச்சு ரோஸ். காலையில் பூ வெட்டி வரும். நாங்கள் பெண்கள் மேசையைச் சுற்றி நின்று, காம்பு நீளம் பார்த்துப் பிரித்து, கீழ் முள்ளை நீக்கி, கட்டுக் கட்டி, அட்டைப் பெட்டியில் அடுக்குவோம். பெட்டி கோல்டு ரூமுக்குப் போகும். அங்கிருந்து குளிர் வண்டியில் பெங்களூருக்குப் போகும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். இன்றைக்கும் யாராவது ரோஜாப்பூ வைத்திருந்தால், எனக்குப் பூ வாசத்துக்கு முன்னால் ஈர அட்டை வாசம்தான் வரும். ஒரே மேசையில் மூன்று பாஷை ஓடும். சூப்பர்வைசர் நாகம்மா தெலுங்கில் திட்டுவார். லோடிங் பார்க்கும் மஞ்சண்ணா கன்னடத்தில் பாடுவார். நாங்கள் தமிழில் சிரிப்போம். வளைந்த காம்பு, கருகின இதழ் என்று கழித்த பூவை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். எங்கள் ஜெபவீட்டில் ஞாயிற்றுக்கிழமை மேசை முழுக்க அந்தக் கழித்த பூதான். கோணல் காம்பு என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவு அழகாக இருக்கும்.

சேர்ந்த அடுத்த மாதமே கால் வீங்கியது. நின்றுகொண்டே வேலை செய்வதால் என்று நினைத்தேன். முள் குத்தி விஷம் ஏறியிருக்கும் என்றார் ஒருவர். காத்து கருப்பு என்றார் இன்னொருவர். நாகம்மாதான் என் காலைத் தொட்டுப் பார்த்தார்.

“ஏமே, இது சும்மா வீக்கம் இல்லமே. அடுப்பு மாதிரி சுடுது. இன்னைக்கே போய்க் காட்டு. நாளைக்கு நீ வேலைக்கு வந்தா நான் உள்ள உட மாட்டன்.”

ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கிறது என்றார் அந்த லேடி டாக்டர். இதற்கு முன் பிள்ளை தங்கவில்லையா என்று அவரே கேட்டார். இரண்டையும் சொன்னேன். இன்னும் நிறைய ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். சில வாரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். பிறகு டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார்.

“உங்க ரத்தம் உறையக் கூடாத இடத்துல உறையுது. காயம் பட்டா உறையணும், அது சரி. உங்களுக்குச் சும்மாவே உறையுது. பிள்ளைக்கு ரத்தம் போற சின்னக் குழாய்ங்க அடைச்சுக்கிட்டா பிள்ளை எப்படி வளரும்?”

எனக்கு அது உடனே புரிந்தது. செட்டுக்குள் சொட்டுநீர்க் குழாய் ஓடும். அதில் உரத்தின் உப்பு அடைத்துக்கொண்டால் வரிசையின் கடைசியில் இருக்கிற செடிதான் முதலில் வாடும். வெளியே பார்த்தால் எல்லாம் பச்சையாக இருக்கும். கடைசிச் செடிக்கு மட்டும் தண்ணீர் போயிருக்காது. என் பிள்ளைகள் இரண்டும் அந்தக் கடைசிச் செடிகள். என் வயிற்றிலேயே தாகத்தில் போயிருக்கின்றன. பஸ்ஸில் வரும்போது அதை நினைத்துத்தான் அழுதேன். அதுவரை என் ராசி சரியில்லை என்று அழுதுகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்காக அழுதேன்.

முதலில் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். மறுபடி உண்டானால் உடனே வரவேண்டும், மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசிக்கு மாறவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆடியில் நாள் தள்ளிப்போனது. ஓடினோம். அன்றிலிருந்து தினமும் காலையில் வயிற்றில் ஒரு ஊசி. நர்ஸ் ஒரு தடவை சொல்லிக் கொடுத்தார். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து நானே குத்திக்கொள்ள வேண்டும். குத்தின இடமெல்லாம் நாவல்பழம் நசுங்கினது மாதிரி கன்றிப் போகும். முள் குத்தினால் ரத்தம் நிற்க நேரமாகும் என்று நாகம்மா என்னை முள் எடுக்கிற வேலையிலிருந்து மாற்றி, உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலைக்குப் போட்டார்.

ஜெபவீட்டில் எல்லோரும் எனக்காக ஜெபித்தார்கள். ஒரு நாள் வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா என் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, “ஊசியை விட்டுடும்மா. ஊசியையும் பிடிச்சுக்கிட்டு ஆண்டவரையும் பிடிச்சுக்கிட்டா எப்படி? விசுவாசத்துல நில்லு” என்றார்.

பாஸ்டரம்மா பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அக்கா, நீங்க கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான பைபிள் படிக்கிறீங்க? அதைக் கழட்டி வெச்சுட்டு விசுவாசத்துல படிங்களேன், கேக்கறோம்” என்றார். அந்த அக்காவே சிரித்துவிட்டார். பாஸ்டரம்மா என்னிடம் திரும்பி, “நீ குத்திக்கும்போது ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக் குத்து. அது போதும்” என்றார். அப்படியே செய்தேன். ஒவ்வொரு காலையும் ஒரு ஸ்தோத்திரம், ஒரு ஊசி.

இனி அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

ஊசியை மாதத்துக்கு ஒரு தடவை மொத்தமாக பெங்களூரில் வாங்கி வருவார் என் வீட்டுக்காரர். அங்கேதான் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது. அதை வெயில் படாமல் குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் குடியிருந்தது தகர ஷீட் போட்ட ஒரு ரூம். மத்தியானத்தில் தரையில்கூடப் படுக்க முடியாது. ஃபிரிட்ஜுக்கு எங்கே போவது? நாகம்மாதான் வழி சொன்னார்.

“இவ்ளோ பெரிய ஃபிரிட்ஜ் இங்க இருக்கு, நீ எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு இருக்கற? கோல்டு ரூம்ல வெச்சுக்கமே.”

பூ அடுக்கும் அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, அதற்குள் ஊசிகளை வைத்து, மேலே கழித்த பூவில் இரண்டு கட்டைப் பரப்பி மூடினோம். திறந்து பார்த்தால் பூ மட்டும்தான் தெரியும். இல்லையென்றால் கண்டவன் கையை விடுவான் என்றார் நாகம்மா. கோல்டு ரூமின் கடைசி மூலையில், பழைய பிளாஸ்டிக் கூடைகளுக்குப் பின்னால் மஞ்சண்ணா அதை வைத்தார். “இல்லி, இங்க யாரும் வரல்ல தங்கச்சி. என் வீட்டு பீரோ மாதிரி பாத்துக்கறேன்” என்றார். பாதி கன்னடம், பாதி தமிழ், அதுதான் மஞ்சண்ணா பாஷை.

அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்து போகிறது. காலையில் நான் கோல்டு ரூமுக்குள் போய் ஒரு ஊசியை எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் குளிர் போகும்வரை பொத்திக்கொண்டு வருவேன். மேசையில் இருக்கிற பெண்கள் எல்லோரும், “ஊசி ஆச்சா?” என்று கேட்பார்கள். என் மாமியார்கூட அப்படிக் கேட்டதில்லை. ஒருத்தி, “செல்வி பிள்ளை பொறந்தவுடனே அழாது பாரு. ஸ்வெட்டர் எங்கன்னு கேக்கும்” என்பாள். நாகம்மா தன் வீட்டு மாரியம்மனுக்கு எனக்காக வேண்டிக்கொண்டிருந்தார். “உன் சாமிகிட்ட நீ சொல்லு. என் சாமிகிட்ட நான் சொல்லிட்டன்” என்பார். நான் சிரித்துக்கொள்வேன். அந்த அன்பைத் தந்தது யார் என்று எனக்குத் தெரியும்.

ஐந்தாம் மாதம் வந்தது. பயந்துகொண்டே இருந்தேன். தாண்டியது. பிள்ளை முதன்முதலாக நன்றாக உதைத்தது கோல்டு ரூமுக்குள்தான். குளிர் பிடிக்கவில்லை போல.

எட்டாம் மாதம் தொடங்கும்போது பிப்ரவரி வந்துவிட்டது.

ரோஜாத் தோட்டத்தில் பிப்ரவரி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. காதலர் தினத்துக்கு வெளிநாட்டுக்கெல்லாம் பூ போகும். வருடம் முழுக்க வேலை செய்ததற்குக் கூலி அந்த ஒரு பத்து நாளில்தான் என்று முதலாளி சொல்வார். புது ஆட்களைக் கூட்டி வந்தார்கள். ஒரு வண்டிக்கு இரண்டு வண்டி. வருடம் முழுக்க வண்டி முன்கதவில்தான் நிற்கும். பிப்ரவரியில் மட்டும் கூடைகளை எடுத்து வெளியே போட்டுவிட்டு, கோல்டு ரூமின் பின்கதவையும் திறந்து அங்கேயும் ஒரு வண்டியை நிறுத்துவார்களாம். அப்படி ஒரு கதவு இருப்பதே எனக்குத் தெரியாது. எந்த இடத்திலும் வருடம் முழுசாக நிற்காதவளுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

அன்று காலை வழக்கம்போல ஊசி எடுக்கப் போனேன். முந்தின நாளிலிருந்தே தலை வலித்தது. வேலை அதிகம், அதனால் என்று விட்டுவிட்டேன். கோல்டு ரூமுக்குள் நுழைந்தால் வெளிச்சம் அடிக்கிறது. பின்கதவு திறந்து கிடக்கிறது. கூடைகள் இல்லை. மூலை துடைத்துவிட்டாற்போல இருந்தது. என் மூலைதான் பின்கதவுக்குப் பக்கத்து மூலை. முதல் பெட்டியாக என் பெட்டிதான் ஏறியிருக்கிறது. வண்டி விடியும்போதே பெங்களூருக்குப் போய்விட்டது.

அங்கேயே நின்றேன். குளிரில் பல் அடித்தது. “ஆண்டவரே, அந்தப் பெட்டி இப்பவே திரும்பி வரணும். வேற எதுவும் நான் கேக்கல” என்று ஜெபித்தேன். இரண்டு தடவை பறிகொடுத்தவள் நான். ஒரு நாள் ஊசி தவறினால் குழாய் அடைத்துக்கொள்ளும், பிள்ளை போய்விடும் என்றுதான் என் மனசுக்குள் ஓடியது.

மஞ்சண்ணா ஓடிவந்தார். மூலையைப் பார்த்தார். முகம் செத்துப் போனது. புது ஆட்களிடம் “மூலையிலேர்ந்து எடுங்கப்பா” என்று சொன்னதே அவர்தான். டிரைவருக்கு ஃபோன் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டார். அதே பதில்தான். என் வீட்டுக்காரர் கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு ஓசூரில் மருந்துக்கடைகளில் விசாரித்தார். டாக்டர் எழுதின அளவு ஊசி அன்றைக்கு என்று பார்த்து எங்கேயும் இல்லை. சாயந்தரம் வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள். பாஸ்டரம்மாவுக்குச் சொன்னேன். “நான் கிளம்பி வரேன், நீ ஜெபிச்சுக்கிட்டே இரு” என்றார். ஜெபித்தேன். பெட்டி வரவில்லை. எவ்வளவு ஜெபித்தும் வாசலில் ஒரு வண்டிச் சத்தமும் கேட்கவில்லை. ஆண்டவரே, கேட்டது ஒரு அட்டைப் பெட்டிதானே என்று மனசுக்குள் சண்டை போட்டேன்.

நாகம்மாதான் முடிவு எடுத்தார். அந்த அவசரத்தில், முதலாளி வெளியே நின்று கத்திக்கொண்டிருக்கும்போது, தோட்டத்துப் பிக்கப் வண்டியைத் திருப்பச் சொன்னார்.

“கடை கடையா ஏன் அலையறீங்க? நேரா ஆஸ்பத்திரிக்கே போ. ஒரு ஊசி அவங்ககிட்ட இருக்காதா? ஏறுமே வண்டில.”

முதலாளி, “நாகம்மா, பூ ஏத்தற நேரத்துல வண்டிய எங்க அனுப்பற?” என்றார்.

“பூ நாளைக்கும் பூக்கும் சாமி” என்றார் நாகம்மா. அவ்வளவுதான். முதலாளி நகர்ந்து வண்டிக்கு வழி விட்டார்.

அதற்குள் பாஸ்டரம்மாவும் வந்து சேர்ந்தார். வண்டியில் பூ வாளிகளுக்கு நடுவில் நானும் அவரும் உட்கார்ந்து போனோம். வழியெல்லாம் பாஸ்டரம்மா என் கையை விடவில்லை. பாகலூர் ரோட்டில் குலுங்கிக்கொண்டே ஜெபித்தார். என் கண் முன்னால் சின்னச் சின்னப் பொறி பறக்கிற மாதிரி இருந்தது. அழுததால் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நான் கேட்டது ஒரே ஒரு ஊசி. ஆனால் உள்ளே வந்த யாருக்கும் முதலில் பிரஷர் பார்ப்பது அவர்கள் வழக்கம். நர்ஸ் பார்த்தார். பட்டையைக் கழற்றி மறுபடி கட்டிப் பார்த்தார். எழுந்து ஓடினார். டாக்டர் வந்தார். தலை வலிக்குதா என்றார். ஆமாம். கண்ணுல பொறி பறக்குதா? ஆமாம். எப்போலேர்ந்து? நேத்துலேர்ந்து.

“நேத்தே ஏன் வரல?”

“வேலை ஜாஸ்தி டாக்டர்.”

ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளையின் துடிப்பு குறைந்து குறைந்து ஏறுகிறது என்றார்கள். பிரஷர் எகிறியிருக்கிறது, இனிக் காத்திருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, உடனே ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். பிரஷருக்கு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். மயக்க மருந்து டாக்டர் வந்து கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“கடைசியா ஊசி எப்பம்மா போட்டீங்க?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “நேத்துக் காலைல சார். இன்னைக்குப் போடல சார். பெட்டி காணாமப் போயிடுச்சு சார். நான் வேணும்னு விடல சார்.”

“இன்னைக்குப் போடல? நிச்சயமா?”

“நிச்சயமா சார்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். லேடி டாக்டரைப் பார்த்தார். “ஒரு நாளைக்கு மேல ஆயிடுச்சு. பிளட் ரிப்போர்ட் பாத்துட்டு முதுகுலயே குடுத்துடலாம்” என்றார். என்னிடம் திரும்பி, “அழாதம்மா. இன்னைக்கு நீ போட்டுக்காததே நல்லதாப் போச்சு” என்றார்.

அவர் சொன்னது எனக்குப் பிறகுதான் விளங்கியது. காலையில் அந்த ஊசியைப் போட்டிருந்தால் ரத்தம் இளகி இருந்திருக்கும். முதுகில் மருந்து கொடுக்க முடியாது. முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். அந்தப் பிரஷரோடு அது கஷ்டம். ரத்தப் போக்குக்கும் பயம். அப்படி இருந்தாலும் உன்னை விட்டிருக்க மாட்டோம், வேறு வழி பார்த்திருப்போம் என்று டாக்டர் பிறகு சொன்னார். அதை மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். பெட்டி மூலையில் இருந்திருந்தால் நான் ஊசியைக் குத்திக்கொண்டு, தலைவலியோடு ஸ்டிக்கர் மேசையில் உட்கார்ந்திருப்பேன். அடுத்த செக்கப் மறு வாரம். அன்று ஆஸ்பத்திரிப் பக்கமே வந்திருக்க மாட்டேன். மறு வாரம் நான் இருந்திருப்பேனா என்று கேட்டேன். டாக்டர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பெட்டி திரும்பி வரவேண்டும் என்று நான் மன்றாடிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பெட்டி போனதாலேயே கர்த்தர் என்னை ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டிருந்தார்.

மத்தியானம் பிள்ளையை எடுத்தார்கள். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். முதலில் சத்தமே இல்லை. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னக் குரல். நர்ஸ் என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினார். பெண் பிள்ளை. என் உள்ளங்கையும் முழங்கையும்தான் அவள் நீளம். “ஸ்தோத்திரம்” என்றேன். உதடு மட்டும் அசைந்தது. உடனே அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் சூட்டில் வைக்கக் கொண்டு போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பாஸ்டரம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பிரஸ் ஷாப்பில் விரல் நசுங்கினபோதுகூட அழாத மனுஷன்.

மறுநாள் மஞ்சண்ணா வந்தார். கையில் அந்த அட்டைப் பெட்டி. பெங்களூரில் பூவைப் பிரித்தவர்கள் ஊசியைப் பார்த்துத் திகைத்துப் போய், ஸ்டிக்கரில் இருந்த தோட்டத்து நம்பருக்குப் பேசி, திரும்பின வண்டியிலேயே குளிர் விடாமல் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு ஊசிகூடக் குறையவில்லை. மேலே பரப்பின பூக்கூட அப்படியே இருந்தது.

அவர் வார்டுக்குள் வராமல் கதவிலேயே நின்றார். கண் சிவந்திருந்தது.

“தப்பாயித்து தங்கச்சி. நான்தான் மூலையிலேர்ந்து எடுக்கச் சொன்னேன். நேத்து ஊட்டா செய்யல, சோறே எறங்கல. கொழந்தைக்கு ஏதாவது ஆகிருந்தா நான் எப்படி உன் மொகத்தப் பாக்கறது?”

“அண்ணா, உள்ள வாங்க. நீங்க அதை ஏத்தலன்னா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன். கர்த்தர் உங்க கையைத்தான் எடுத்துக்கிட்டாரு.”

அவருக்கு நான் சொன்னது பாதிதான் புரிந்தது என்று நினைக்கிறேன். பாஸ்டரம்மா நடந்ததைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாஸ்டரம்மா ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே, “கண்ணாடி டப்பாவுல வெச்சிருக்காங்களே, ஸ்வெட்டர் வேணுமா கொழந்தைக்கு?” என்று கேட்டார். தையல் வலியோடு சிரித்தேன். சிரிக்கவும் வலித்தது, அழவும் வலித்தது.

பிரசவத்துக்குப் பிறகும் எனக்கு ஊசி உண்டு என்று டாக்டர் சொன்னார். பிள்ளை பெற்ற பிறகுதான் ரத்தம் அதிகமாக உறையுமாம். எப்போது மறுபடி தொடங்கவேண்டும் என்று அவர்கள் சொன்ன நேரத்தில், திரும்பி வந்த அதே ஊசிகளைப் போட்டுக்கொண்டேன். நான் கேட்டது கேட்டபடியேதான் வந்தது. கேட்ட நேரத்தில் மட்டும் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும், ஊசியை விட்டால் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். அத்தனை மாதம் என் பிள்ளையைத் தாகத்தில் விடாமல் காத்தது அந்த ஊசிதான். ஒரு நாள் எனக்கு நடந்ததை இன்னொருவர் அளவுகோலாக எடுக்கக் கூடாது. டாக்டர் சொன்னதைச் செய்யுங்கள். மிச்சத்தை ஆண்டவரிடம் விடுங்கள். நான் செய்தது அவ்வளவுதான்.

என் மகளுக்குக் கிருபா என்று பெயர் வைத்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்த சில நாளில் ஊரே அடைத்துவிட்டது. கொரோனா. பூ வாங்க ஆளில்லாமல் செட் செட்டாக ரோஜாவை வெட்டிக் குழியில் கொட்டினார்கள். முதலாளி தோட்டத்தை விற்றுவிட்டார். நாகம்மா மகன் வீட்டோடு போய்விட்டார். மஞ்சண்ணா மாலூர்ப் பக்கம் எங்கேயோ இருக்கிறார் என்று கேள்வி. அந்த மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் எந்தெந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகிறார்களோ தெரியாது. போன மாதம் அந்த வழியாக பஸ்ஸில் போனேன். பிளாஸ்டிக் கூரை கிழிந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கிருபாவிடம், “நீ இங்கதான் மொத மொத உதைச்ச” என்று காட்டினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. கையிலிருந்த மிக்சர் பாக்கெட்டில்தான் அவள் கவனம். நான் மட்டும் அந்த இடம் மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை கஷ்டமும் சேர்ந்த அந்த வருடம்தான் என் வாழ்க்கையிலேயே எனக்கு மிகப் பிடித்த வருடம். வேறு எப்போது அத்தனை பேர் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பிள்ளையைச் சுமந்திருக்கிறார்கள்?

இப்போது சூளகிரிப் பக்கம் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்குப் புது எஸ்டேட்டில் வேலை. நான் ஒரு கம்பெனி கேண்டீனில் இருக்கிறேன். கிருபா இரண்டாம் வகுப்பு போகப் போகிறாள். பீரோ வாங்கிவிட்டோம். எனக்கு இன்னும் கால் தரிக்காத நாட்கள் உண்டு. ஆனால் முன்பெல்லாம் எதையோ தேடி ஓடுவேன். இப்போது யாராவது கூப்பிட்டால் ஓடுகிறேன்.

எங்கள் ஜெபவீட்டுக்கு ஒரு பெண் புதிதாக வருகிறாள். சுமதி. வாட்ச் கம்பெனிப் பக்கம் ஏதோ ஒரு யூனிட்டில் லைனில் வேலை செய்கிறாள். என்னைப் போலவே ரத்தம் உறைகிற வியாதி. ஒரு பிள்ளையை இழந்தவள். இப்போது நாலாம் மாதம். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் என்னை ஒதுக்கி நிறுத்தி, புடவையை லேசாக விலக்கி வயிற்றில் கன்றிப் போன இடங்களைக் காட்டினாள்.

“அக்கா, எனக்கும் பிள்ளை தங்குமாக்கா?”

நான் சாட்சி சொல்கிறவள். தங்கும் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் என் வாயில் அது வரவில்லை. “எனக்குத் தெரியாது சுமதி. எனக்கு என்ன நடக்கப் போவுதுன்னும் தெரியாமத்தான் இருந்துச்சு. ஆனா நான் தனியா இல்ல. நீயும் தனியாப் போவாத. எப்போ ஸ்கேன்?” என்று கேட்டேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை என்றாள்.

கேண்டீனில் லீவு சொல்லிவிட்டேன். காலையில் அவளோடு ஓசூர் பஸ்ஸில் ஏறுகிறேன். இதைப் படிக்கிற நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், அவளுக்காக ஒரு வார்த்தை ஜெபியுங்கள். பிள்ளையின் துடிப்பை ஸ்கேனில் கேட்கும்போது அவள் கையை நான் பிடித்திருப்பேன்.